சிலைடின் அடிவரி



30 ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதிய கை என் கை. ஓய்வு பெற்ற பின்னரே அது பவர்பாயிண்ட் பழகிற்று. 1987-இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கென முதலில் வெளிவந்த மென்பொருள் அது. சிலைடு சேர்ப்பதையும் படம் பொருத்துவதையும் என் பேத்தி அரைமணியில் கற்பித்துவிட்டாள். எதை எழுதுவது, எதை விடுவது என்பதுதான் எளிதில் கைவரவில்லை. முதற் சிலைடிலேயே பாடம் முழுவதையும் எழுதி வைத்தேன். "தாத்தா, நான் இதைப் படிப்பதா, நீங்கள் சொல்வதைக் கேட்பதா?" என்றாள்.

அது சிறு கேள்வியன்று. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியின் நுரைக்காப்பிலிருந்து பெயர்ந்த துண்டொன்று அதன் இடது இறக்கையைத் தாக்கிற்று. ஓடம் விண்ணில் இருக்கையிலேயே பொறியாளர்கள் சிலைடுகள் கொண்டு நிலைமையை விளக்கினர். ஒரு சிலைடின் தலைப்பு அச்சம் தணிப்பதாய் இருந்தது. அதன் அடியில், சிற்றெழுத்தில், உண்மை கிடந்தது: சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், தாக்கியதோ 1920 என மதிப்பீடு! பிப்ரவரி 1-ஆம் நாள், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். விசாரணைக் குழு தன் அறிக்கையில் அச்சிலைடையே எடுத்துக்காட்டிற்று.

இதனைப் படித்த நாள்முதல், சிலைடு ஆக்கும்போது நான் அடிவரியை முதலில் எழுதுகிறேன். தலைப்பைப் பின்னரே எழுதுகிறேன்.