செம்மரமும் சட்டமும்

நவராத்திரிக் கொலுவில் மேற்படியில் நிற்கும் மரப்பாச்சித் தம்பதிகளை நேயர்கள் நன்கு அறிவீர்கள். தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களை ஊரில் விட்டு வந்தாலும், பாட்டி கொடுத்த மரப்பாச்சியை விட்டு வருவதில்லை. அந்தப் பொம்மைக்கு உரிய மரம் செம்மரம். செஞ்சந்தனம் என்றும் சொல்வர். அலர்மேல்மங்கைத் தாயாரைச் சேவிக்கத் திருச்சானூர் சென்றிருந்தபோது, கோயிலுக்கு அருகில் ஒரு கடையில் மரப்பாச்சி கேட்டோம். கடைக்காரர் தெலுங்கு கலந்த தமிழில், "இது செம்மரம் இல்லை சாமி, வேறு மரத்திலே சாயம் ஏற்றினது. அந்த மரத்தைக் கடையிலே வைத்துக்கொள்ள நமக்கு ஏது தைரியம்?" என்றார். கண்ணெதிரே சேஷாசல மலை நிற்கிறது. அந்த மலையில் விளையும் மரம் அதன் அடிவாரத்துக் கடைக்காரருக்கு எட்டாப் பொருளாயிற்று.

செம்மரம் வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது. சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா முதலிய மலைகளும் அவற்றை அடுத்த பகுதிகளுமே அதன் இயற்கையான தாயகம். வறண்ட, கல் நிறைந்த சரிவுகளில் மிக மெதுவாக வளரும். வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். வைரக்கட்டை நீரில் போட்டால் மூழ்கிவிடும். சீனத்தில் அரண்மனைச் சாமான்களுக்கும், ஜப்பானில் சாமிசென் என்னும் நரம்பு வாத்தியத்துக்கும் இம்மரத்தைப் பெரிதும் விரும்புவர். அலை அலையாக ரேகை ஓடிய கட்டைக்குத் தனி மதிப்பு. தாயகம் சிறியது, வளர்ச்சி மெதுவானது, கேட்போர் கடல் கடந்த செல்வர். இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் சட்டம் நுழையாமல் இருக்க முடியாது.

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1973-இல் வாஷிங்டனில் உருவாயிற்று. 1976-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. அதன் இரண்டாம் அட்டவணையில் செம்மரம் 1995-இல் இடம் பெற்றது. இரண்டாம் அட்டவணை வாணிபத்தை அடியோடு தடுப்பதன்று; காட்டுக்குக் கேடில்லை என்ற சான்றுடன் அனுமதிப்பது. ஆயினும் நம் அரசாங்கம் காட்டில் விளைந்த செம்மரத்தின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஆந்திர அரசாங்கம் தன் 1967-ஆம் ஆண்டு வனச் சட்டத்தை 2016-இல் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது. காட்டைக் காக்க இவை வேண்டியவையே; இதில் நமக்கு ஐயமில்லை.

சிக்கல் உழவரிடம் தொடங்குகிறது. சித்தூர்ப் பக்கத்திலும், நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் சொந்த நிலத்தில் செம்மரம் நட்டவர்கள் உண்டு. மகள் கலியாணத்துக்கு ஆகும் என்று நட்ட மரம் பேரன் காலத்தில் வைரம் பாய்கிறது. அப்போது வெட்ட ஓர் அனுமதி, வண்டியில் ஏற்ற ஒரு வழிச்சீட்டு, கடல் கடத்த ஓர் உரிமம். காட்டு மரமும் தோட்டத்து மரமும் வெட்டிக் கிடத்தினால் பார்வைக்கு ஒன்றே. ஆகவே தன் மரம் தன்னுடையதுதான் என்பதை மெய்ப்பிக்கும் பாரம் நட்டவர் தலையில் விழுகிறது.

மொழிபெயர்ப்பு எமது தொழில். நட்டு வளர்த்த மரத்தை உடன்படிக்கையின் ஆங்கில வாசகம் "செயற்கையாகப் பெருக்கியது" என்கிறது. குடம் குடமாக நீர் சுமந்து வளர்த்த மரத்தைச் செயற்கை என்று எழுதக் கை கூசுகிறது. "பயிரிட்டது" என்று எழுதினால் சட்டத்தின் சொல் நழுவிவிடுகிறது. உழவரின் சங்கடமும் ஏறத்தாழ இதுவே.

நேர்வழி இவ்வளவு நீண்டிருக்கும்போது குறுக்குவழிக்காரன் காத்திருப்பதில்லை. பிடிபட்ட மரத்தை ஆந்திர அரசாங்கம் 2014-இல் மின்னணு ஏலத்துக்கு விட்டபோது, முதல் சுற்றுக்கு மட்டும் 4,000 டன்னுக்கு மேல் வைத்தது. பிடிபட்டதே இவ்வளவு. அதை வெட்டிய கைகள் யாருடையவை? ஜவ்வாது மலையிலிருந்தும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்தும் தரகர்கள் அழைத்துச் சென்ற கூலித் தமிழர்களும் அவர்களுள் பலர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அனைவரும் தமிழ்நாட்டார். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. எது எவ்வாறாயினும், இறந்தவர்கள் கூலிக்குப் போனவர்கள். மரத்தின் விலையைக் கண்டவர்கள் வேறு எங்கோ இருந்தனர். பிழைப்பைத் தேடி மாநில எல்லை கடந்தவர்கள் என்ற அளவில், நேயர்களே, அவர்களுக்கும் நமக்கும் உறவுண்டு. நமக்குக் கிடைத்த வேலை வேறு, அவ்வளவே.

நேர்வழி சிறிது சிறிதாக அகலவும் செய்கிறது. 2019-இல் சொந்த நிலத்தில் பயிரிட்ட செம்மரத்தை உரிமம் பெற்று ஏற்றுமதி செய்ய மத்திய அரசாங்கம் இடங்கொடுத்தது. செம்மர வாணிபம் பற்றி இந்தியாவின் மீது 2004 முதல் இருந்துவந்த பன்னாட்டுச் சிறப்பு மறுஆய்வு 2023 நவம்பரில் நீங்கியது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி, மரத்தைப் பயன்படுத்தும் வாணிபர் தம் ஆதாயத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரவேண்டும். சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையம் அவ்வகையில் 2025-இல் திருவள்ளூர் மாவட்டத்து உழவர் 18 பேருக்கு 55 லட்சம் ரூபாய் வழங்கியது. தொகையைவிட, உழவரைச் சட்டம் பங்காளி என்று ஏற்றதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் உரிமம் பெறும் வழி பெருநிலக்காரருக்கு எளிது. பத்து மரம் வைத்திருப்பவருக்கு அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டியிருக்கிறது. வேலியோரத்து மரத்தை நட்ட நாளிலேயே கிராமக் கணக்கில் பதிந்து, பதிவின் நகலை உழவர் கையில் கொடுத்துவிட்டால், பின்னாள் வழக்குகளில் பாதி எழாது என்று எண்ணுகிறோம். மலைக்கிராமங்களில் வேறு கூலி கிடைத்தால் தரகனின் வண்டியும் காலியாகத் திரும்பும்.

திருச்சானூர்க் கடையில் அந்தச் சாயப் பொம்மைகளையே ஒரு ஜோடி வாங்கினோம். விட்டுவர மனமில்லை. வீட்டில் பழைய மரப்பாச்சிக்கு அருகில் வைத்திருக்கிறோம். எது எந்த மரம் என்று குழந்தைகள் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே துணியில் பாவாடை தைத்துக் கட்டியிருக்கிறார்கள்.