கடவுளா, பக்கத்து வீட்டாரா?

(திண்டுக்கல்லில் பேசியது)



கடவுள் நம்பிக்கை போனால் மனிதன் தற்கொலை செய்து கொள்வான் என்று ஆஸ்திகர்கள் சொல்லுவதுண்டு. நம்மவர்கள் இதைக் கேட்டுச் சிரித்து விடுகிறார்கள். சிரித்துப் பயனில்லை. சென்னையில் 1986-ல் ஸ்நேகா என்னும் தற்கொலைத் தடுப்பு ஸ்தாபனத்தைத் துவக்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் ஆராய்ச்சி 1999-ல் வெளிவந்தது. தற்கொலையால் இறந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டதில், இறந்தவர்களிடம் கடவுள் நம்பிக்கையும், கோயில் குளத்துக்குப் போகும் வழக்கமும் குறைவாகவே காணப்பட்டன. நமக்குப் பிடிக்காத சங்கதி என்று இதை மறைத்தால், நமக்கும் புரோகிதனுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் காரணத்தைக் கேட்க வேண்டாமா? புராட்டஸ்டண்டுகளிடம் கத்தோலிக்கரைவிடத் தற்கொலை அதிகம் என்று பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம் 1897-ல் எழுதினார். இருவருக்கும் சாமி ஒன்றுதான். தற்கொலை பாவம் என்பதும் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவரோடொருவர் பிணைந்து வாழும் நெருக்கத்தில்தான் வித்தியாசம் என்றார் அவர். தெருவுக்குத் தெரு கோயிலுள்ள நம் தமிழ்நாட்டிலோ, சர்க்கார் கணக்குப்படி 2022-ல் லட்சம் பேருக்கு 25.9 தற்கொலை, இந்தியா முழுமைக்கும் 12.4 தான். (இதை வைத்தே கடவுளைத் தோற்கடித்து விட்டதாக நாம் துள்ளவும் கூடாது. கடனும், குடியும், நோயும், குடும்பச் சண்டையும் அந்தக் கணக்கில் இருக்கின்றன.)

செத்தவன் பேயாய் அலைகிறான் என்று அந்த வீட்டையே ஒதுக்குவதும் இந்த மதபக்தியுள்ள ஊர்தான். தற்கொலைக்கு முயன்றவன் மன நெருக்கடியில் இருந்தவன், அவனைத் தண்டிக்கலாகாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு வந்த புத்தி ஊருக்கு வரவில்லை.

நம் யோக்கியதையையும் சொல்லி விடுகிறோம். வேடசந்தூர்ப் பக்கத்துத் தோழரொருவர் கோயில் வரி கொடுக்க மறுத்தார். ஊர் அவரை ஒதுக்கியது. நாம் போய் மேடையில் மாலை போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டோம். பிறகு கடன் முற்றி, மனைவியும் படுத்து, அவர் தூக்கமின்றிச் சாவையே பேசிக் கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தவர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு வயதான அம்மாள். அந்த அம்மாள் சாமி பெயரைச் சொன்னது வாஸ்தவம். ஆனால் விடியுமட்டும் அவரைத் தனியே விடவில்லை. மறுநாள் பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டி வந்தார். தோழர் இன்று நன்றாயிருக்கிறார். நாம் கேள்விப்பட்டதோ ஆறு மாதம் கழித்து!

கோயிலை விட்டு வா என்று அழைக்கிற நாம், வந்தவனுக்கு உட்காரத் திண்ணை வைத்திருக்கிறோமா? ஊர்தோறும் இரண்டு தோழர்கள் வாரம் ஒருமுறை வீடுகளுக்குப் போய்வர வேண்டும். மனமொடிந்தவரிடம், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 104-க்கு டெலிபோன் செய்யவும், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகவும் வேண்டும். வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் தோழர்கள் கூட்டம் கலையுமுன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.