போதைக்கு ஆட்பட்டோர் மீதான மறைமுக வெறுப்பு: அளப்பது எப்படி?

(திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் தமிழ் உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான இந்தச் சாலைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும், "போதைக்கு ஆட்பட்டவர் நோயாளி, அவருக்குத் தேவை சிகிச்சை" என்றே விடை வரும். மாநில அரசின் விமுக்தி இயக்கம் சொல்வதும் அதுவே. ஆனால் அதே மனிதர் சுமை இறக்கும் இடத்தில் வந்து நின்றால் முகங்கள் மாறுகின்றன. வாய் சொல்வதற்கும் மனம் செய்வதற்கும் உள்ள இந்த இடைவெளியை அளக்க இயலுமா?

1998இல் அமெரிக்க உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்டும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். கணினித் திரையில் தோன்றும் சொற்களையும் படங்களையும் இரண்டு விசைகளால் பிரிக்க வேண்டும். ஒரு சுற்றில் போதைப்பொருள் பயன்படுத்துவோரும் 'தீயவை'யும் ஒரே விசைக்கு உரியவை. மறுசுற்றில் அவர்களும் 'நல்லவை'யும் ஒரே விசைக்கு உரியவை. இரண்டாவது சுற்றில் கை தயங்கினால், அந்தத் தயக்கத்தின் நேரமே அளவு. ஒரு தனிமனிதரைக் குற்றவாளி என முத்திரை குத்த இது உதவாது. ஒரே ஆளுக்கே இன்று ஓர் அளவும் நாளை வேறோர் அளவும் வரக்கூடும்.

ஆயினும், ஆஸ்திரேலியாவில் போதை சிகிச்சைப் பிரிவுச் செவிலியரிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு கவனத்திற்குரியது. நோயாளிகளோடு படும் பணிச்சுமையின் அழுத்தம் மிகுந்தவரிடம் மறைமுக வெறுப்பும் மிகுந்திருந்தது. வேலையை விட்டு விலகும் எண்ணமும் அதனோடு சேர்ந்தே வந்தது. வெறுப்பு என்பது தனிமனிதரின் ஒழுக்கக் குறை மட்டுமன்று. பணியின் அழுத்தமும் அதனோடு பிணைந்திருக்கிறது. இதை ஒரு தொழிற்சங்கவாதிக்கு விளக்க வேண்டியதில்லை.

சொல்லும் தன் வேலையைச் செய்கிறது. ஜான் கெல்லி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிகிச்சையாளர்களுக்கு ஒரே நோயாளியின் விவரம் தரப்பட்டது. சிலருக்கு அவர் 'போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்'. மற்றவருக்கு 'போதைப் பயன்பாட்டுக் கோளாறு உடையவர்'. மாறியது அந்தத் தொடர் மட்டுமே. முன்னதைப் படித்தவர்களே அவர்மீது கூடுதலாகப் பழி சுமத்தினர். தண்டனையின் பக்கமும் சாய்ந்தனர். பயிற்சி பெற்றோரின் நிலையே இது! 'கஞ்சாக்காரன்' என்ற சொல் கடைத்தெருவில் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு தொடர்பான குற்றத்திற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்டவர், அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கு பறிபோகலாம். 2024இல் கேரளத்தில் இச்சட்டத்தின் கீழ் 27 ஆயிரத்திற்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின. காவல்துறையின் முனைப்பையும் இந்த எண் காட்டுகிறது என்பது உண்மை. எனினும் பிடிபட்ட தொழிலாளிக்கு அந்தப் பிரிவை எடுத்துச் சொன்னவர் யார்?

ஆகவே சாலையில் அளக்க வேண்டியது வேறு. சிகிச்சைக்குச் சென்ற சுமைத் தொழிலாளி திரும்பி வரும்போது அவருடைய இடம் காத்திருக்கிறதா? கடையில் பொருள் காணாமற்போனால் ஐயம் முதலில் யார்மேல் விழுகிறது, வட இந்தியத் தொழிலாளி மேலா, முதலாளியின் மகன் மேலா? சிகிச்சை வேண்டும் என்று சங்கத்திடம் தாமாக வந்து சொன்னவர் கடந்த ஓராண்டில் எத்தனை பேர்? இம்மூன்று கேள்விகளுக்கும் உரிய விடைகளை ஒவ்வொரு கிளையும் எழுதி, அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும்.