தறியும் ஏடும் எழுதுகோலும்

கல்முனை நகரிலிருந்து மட்டக்களப்பை நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையிலே, சில நிமிட நேரத்துள் மருதமுனை வந்துவிடுகின்றது. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, இடையே நெருங்கிய வேலிகளும் மதில்களும் மணல் ஒழுங்கைகளும். இவ்வூரின் பெயரைச் சொன்னதும் இலங்கையிலே தமிழ் பேசுவோர் பலருக்கும் நினைவில் வருவன கைத்தறிச் சாரனும் சேலையுமே. அதே ஊரிலே வாசிப்பும் எழுத்தும் தறிக்கு அயல் வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கைத்தறி, நூல் வாசிப்பு, அழகெழுத்து ஆகிய மூன்றும் இன்று உலகின் பல நகரங்களிலே ஓய்வுநேரக் கலைகளாகிவிட்டன. அலுவலகம் விட்டு வந்தவர் மேசைமேல் வைக்கத்தக்க சிறு தறியொன்றை வாங்குகின்றார். மற்றொருவர் நாணற் பேனாவும் மைக்கூடும் தேடுகின்றார். அவர்கள் புதிதாக ஒன்றைத் தொடங்குகின்றனர். மருதமுனையின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே சோறு போட்ட தொழிலே சில வீடுகளில் ஓய்வுக் கலையாகச் சுருங்கி வருகின்றது. அவ்வாறு சுருங்கியபின் எது எஞ்சும், எது அழியும் என்பதே கேள்வி.

முதலிலே தறியை எடுத்துக்கொள்வோம். நாற்பதாம் நம்பர் நூல் என்று நெசவாளர் சொல்லும்போது, ஓர் இராத்தல் நிறையில் 40 கழி நூல் உண்டு என்பது பொருள். ஒரு கழிக்கு 840 யார். ஆகவே ஓர் இராத்தல் நூலை நீட்டிப் பிடித்தால் 33,600 யார், அதாவது ஏறத்தாழ 31 கிலோமீற்றர். மருதமுனையிலே ஒரு முனையைக் கட்டிவிட்டு மட்டக்களப்பு வழியே நடந்தால், பயணத்தின் பெரும் பகுதிக்கு அந்த ஓர் இராத்தலே போதும். இவ்வளவு நீள நூலையும் சாயமிட்டு, உலர்த்தி, சுற்றி, எண்ணி, இழை இழையாக விழுதிலும் பண்ணையிலும் கோத்த பின்னரே நாடா ஓடத் தொடங்குகின்றது. துணி நெய்வது தறியிலே என்று நாம் எண்ணுகின்றோம். வேலையின் பெரும் பங்கு தறிக்கு வருமுன்னரே முடிந்துவிடுகின்றது.

நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒன்று தவறாகக் கோக்கப்பட்டால், அந்தத் தவறு பாவு முடியும்வரை, சாரன் சாரனாகத் தொடர்ந்து வரும். குறுக்கே ஓடும் ஊடையிலே தவறு நேர்ந்தால் அது ஒரு வரியோடு போகும். நாடாவைத் திருப்பிவிட்டுப் பிரித்தும் எடுத்துவிடலாம். கட்டம் போட்ட சாரன் நெய்பவருக்கு எண்ணிக்கை மனத்திலே ஊறியிருத்தல் வேண்டும். பள்ளிக்கூடம் செல்லாத பலர் இந்தக் கணக்கிலே வல்லவராயிருந்தனர்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த காலத்திலே, உள்நாட்டு நெசவுக்கு நல்ல விலையும் மதிப்பும் கிடைத்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான ஆலைத்துணி வந்து குவிந்தது. பின்னர் போர்க்காலம். அதன்மேல் 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோள் கரையோர வீடுகளோடு தறிகளையும் வாரிச் சென்றது. மருதமுனையிலே இன்றும் தறி ஓசை கேட்கின்றது. எனினும் நெசவாளரின் பிள்ளை ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ, வளைகுடா நாடொன்றிலே தொழிலாளியாகவோ ஆவதையே குடும்பங்கள் பெரிதும் விரும்புகின்றன. அவ்விருப்பத்தைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. முதுகு வலியை அறிந்தவர்களே அவ்வாறு விரும்புகின்றனர்.

இனி ஏட்டுக்கு வருவோம். தறி மிதிப்பவரால் அதே வேளையில் நூல் வாசிக்க இயலாது, ஓசையும் விடாது. ஆனால் நூல் சுற்றும் வேலை அத்தகையதன்று. கை சுழன்றுகொண்டிருக்கும், காது ஓய்ந்திருக்கும். அப்பொழுது ஒருவர் வாய்விட்டு வாசிக்கலாம், மற்றவர் கேட்கலாம். வானொலி பின்னாளில் அந்த இடத்திலேதான் வந்து அமர்ந்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் முதலிய காப்பியங்களும், மாலைகளும், முனாஜாத்துகளும் தமிழ் முஸ்லிம்களிடையே கண்ணால் மட்டும் வாசிக்கப்பட்டவை அல்ல. இசையோடு ஓதப்பட்டுக் கேட்கப்பட்டவை.

இவ்வயலிலே பிற்காலத்தில் எழுந்த இலக்கிய முயற்சிகளும் இந்தக் கேட்கும் பழக்கத்திலிருந்து அதிகம் விலகவில்லை. மருதமுனையிலே புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் மரபுச் செய்யுள் செய்தார். அடுத்த ஊராகிய பெரியநீலாவணையிலே கவிஞர் நீலாவணன் வாழ்ந்தார். கல்முனையிலே எம். ஏ. நுஃமான் முதலியோரின் முயற்சியால் வாசகர் சங்கம் நூல்களை வெளியிட்டது. அரபுக் கவிஞர்களின் குரலைத் தமிழிலே தந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் அச்சங்கத்தின் வெளியீடாகவே வந்தது. வெளியிடுவோர் தம்மை எழுத்தாளர் சங்கம் என்னாது வாசகர் சங்கம் என்றே அழைத்துக்கொண்டனர். அடக்கமான பெயர், பொருத்தமான பெயரும்கூட.

மூன்றாவதாகிய எழுத்திலேதான் விடயம் சிக்கலாகின்றது. இக்கரையின் பழைய வீடுகளிலே தமிழ் இரண்டு உடைகளை அணிந்திருந்தது. ஒன்று நாமறிந்த தமிழ் எழுத்து. மற்றொன்று, அரபு எழுத்திலே தமிழை எழுதும் அரபுத்தமிழ். அரபு நெடுங்கணக்கிலே 28 எழுத்துக்கள் உள்ளன. அவற்றுள் பகரத்துக்கு இடமில்லை, டகரத்துக்கு இல்லை, ணகர ளகர ழகரங்களுக்கும் இல்லை. எகர ஒகரங்களைக் காட்டும் குறிகளும் இல்லை. ஆகவே இருந்த எழுத்துக்களின் மேலும் கீழும் புள்ளிகளையும் கோடுகளையும் சேர்த்துத் தமிழொலிகளுக்கு வடிவம் அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் முதலிய அறிஞர் மார்க்க நூல்களை இவ்வெழுத்திலே எழுதினர். அவை தமிழகத்திலும் இலங்கையிலும் பரவின.

அந்தப் புள்ளியைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய பழந்தமிழ் எழுத்தாளர், ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். வாசிப்பவர் இடம் நோக்கி உணர்ந்துகொள்வார். அரபு எழுத்திலே அது நடவாது. கீழே ஒரு புள்ளி இருந்தால் ‘பே’, மேலே இரண்டு இருந்தால் ‘தே’, மூன்று இருந்தால் ‘ஸே’. உடல் ஒன்றே, புள்ளியே உயிர். அழகெழுத்துக் கலையும் புள்ளியிலேதான் தொடங்குகின்றது. கி.பி. 940இல் மறைந்த பாக்தாத் அறிஞர் இப்னு முக்லா, நாணற் பேனாவின் சாய்ந்த நுனி தாளிலே பதிக்கும் புள்ளியை அலகாகக் கொண்டு எழுத்துக்களின் அளவை வகுத்தார் என்பர். அலிபின் உயரம் இத்தனை புள்ளி, மற்றதன் வளைவு இத்தனை புள்ளி என்று இன்றும் மாணவர் எண்ணிப் பழகுகின்றனர். இழை எண்ணிப் பழகிய ஊருக்கு இது அந்நியமான கல்வி அன்று.

அரபுத்தமிழை வாசித்தவர்களிலே பெண்கள் மிகப் பலர். குர்ஆன் ஓதக் கற்ற சிறுமிக்கு அரபு எழுத்துத் தெரியும், தமிழோ தாய்மொழி. சில மேலதிகப் புள்ளிகளைக் கற்றுக்கொண்டால் முழு நூலொன்றை வாசித்துவிடலாம். தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பப்படாத பெண்கள் இவ்வழியாலே வாசகர் ஆயினர். பிற்காலத்திலே பாடசாலைக் கல்வி பரவியது. பேத்திமார் தமிழ் எழுத்திலே தேர்ந்தனர். அது பெரு நன்மை. ஆயினும் அதே வேளையில் நூல் வாசித்த மூதாட்டி ‘எழுத்தறியாதவர்’ என்று கருதப்படலானார். அவர் கையிலிருந்த புத்தகம் பெட்டிக்குள் சென்றது. இன்று அதைத் திறக்கும் பேத்தி அரபு அறிந்தவளாயினும், அதை அரபு என்று எண்ணி வாசித்துப் பொருள் காணாது திகைக்கின்றாள். உள்ளே இருப்பதோ அவள் வீட்டுத் தமிழ்.

மூன்று கலைகளுள்ளும் அழிவுக்கு மிக அருகில் நிற்பது இதுவே. நெசவை மறந்த ஊர் வேறோர் ஊர் நெசவாளரிடம் கற்றுக்கொள்ளலாம். அச்சு நூல் வேறொரு நூலகத்திலே கிடைக்கலாம். அரபுத்தமிழ்க் கைப்பிரதியோ பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதை வாசிப்பதற்கு அரபு பழகிய கண்ணும் தமிழ் பழகிய காதும் ஒருவரிடமே கூடியிருத்தல் வேண்டும்.

அழகெழுத்தை ஓய்வுக் கலையாக விரும்பும் இளைஞர், ஒரு திருவசனத்தைப் பொன்னிறத்தில் எழுதிச் சட்டமிட்டு மாட்டுவதோடு நின்றுவிடுவது வழக்கம். அது அழகிய பணியே. ஆனால் அதைத் துருக்கியிலும் எகிப்திலும் இவர்களிலும் சிறப்பாகச் செய்வோர் உளர். உம்மம்மாவின் பெட்டியிலுள்ள புத்தகத்தைப் படியெடுக்க இவர்களையன்றி எவர் உளர்? பழைய அரபுத்தமிழ் நூல்கள் பல கல்லச்சில் வந்தவை. ஆதலால் அச்சு நூலிலும் எழுதியவரின் கைவண்ணமே காணப்படும். எழுதிப் பழகுவதற்கு அதனிலும் ஏற்ற மாதிரி வேண்டுவதில்லை.

பெண்ணுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டிலே வந்து வாழ்வதும் இக்கரையின் வழக்கு. அதனாலே உம்மம்மாவும், அவரது பெட்டியும், எஞ்சியிருந்தால் தறியும் ஒரே வளவில் இருப்பது இன்றும் அரிதன்று. பக்கங்களைப் படம் பிடித்துப் பாதுகாக்க வழியுண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்துத் தமிழ் ஏடுகளை அவ்வாறே தொகுத்து வருகின்றது. படம் எழுத்தைக் காக்கும், ஓசையைக் காக்காது. லகரத்தையும் ளகரத்தையும் ழகரத்தையும் அந்த மூதாட்டி எவ்வாறு ஒலித்தார் என்பது படத்திலே இராது. எனவே இவ்வேலைக்கு இருவர் வேண்டும்: வாசிப்பவர் ஒருவர், தமிழ் எழுத்திலே எழுதுபவர் ஒருவர். ஒரு பிற்பகலுக்கு ஒரு பக்கம் முடிந்தாலும் போதும். முதற் பக்கத்திலே பேத்தி பல இடங்களில் தடுக்குவாள். உம்மம்மா அவ்வரியை மறுபடியும் ஓதுவார். நான்கைந்து பக்கங்கள் சென்றதும், பகரத்துக்குரிய வடிவம் வருமிடமெல்லாம் கேட்காமலே பகரம் என்று எழுதத் தொடங்கிவிடுவாள்.