கண் அயரும் முன் வண்டியை நிறுத்துவோம்



உறக்கத்தை நமக்கு ஓய்வாக ஆக்கியிருப்பதாக அந்நபஃ அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகின்றான். அந்த அருட்கொடையைப் புறக்கணித்து இரவெல்லாம் வாகனம் ஓட்டுவோர் நம்மிலும் உள்ளனர்.

கரியாலூர் மலைப்பாதையின் வளைவுகளில் எவரும் கண்ணிமைக்கவும் அஞ்சுவர். மலையிறங்கி, சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை அடைந்ததும் அச்சம் அகல்கின்றது; ஆபத்தோ அங்கேதான் தொடங்குகின்றது. "பழகிய பாதை, ஒரு தேநீர் போதும், வீடு நெருங்கிவிட்டது" என மனம் சமாதானம் சொல்கின்றது. 80 கி.மீ. வேகத்தில் நான்கு விநாடி கண் மூடினால், வண்டி ஏறத்தாழ 90 மீட்டர் ஓட்டுநரின்றி ஓடிவிடும்!

2022 டிசம்பர் 30 அதிகாலையில் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த்தின் கார் ரூர்க்கி அருகே தடுப்பில் மோதித் தீப்பற்றியது. அவர் கண் அயர்ந்துவிட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. அவரும் வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தவரே.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், மது அருந்தியவரின் நிதானத்தைப் போன்றே குறைவதாக 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மதுவைத் தொடாத நாம், அந்நிலையில் ஸ்டியரிங்கைத் தொடலாமா?

தொழுகையில் தூக்கம் மேலிட்டால், அது நீங்கும்வரை உறங்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். தொழுகைக்கே இவ்விதி எனில், பிற உயிர்களைச் சுமந்து செல்லும் வாகனத்திற்கு?

ஆகவே சகோதரர்களே! வலீமா முடிந்து நள்ளிரவில் திரும்பும்போது ஓட்டுநரை விரட்டாதீர்கள். அவர் கொட்டாவி விட்டால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தச் செய்து, சற்று உறங்கவிடுங்கள். காத்திருக்கும் குடும்பத்திற்கு வேண்டியது நம் வேகமன்று, நாம்தாம்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.