புகை எல்லோருக்கும் பொதுவா?

(டில்லிவாழ் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பகுதிக் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஐப்பசி பிறந்தால் நம் ஊரில் அடைமழை. இங்கே டில்லியில் ஐப்பசி பிறந்தால் புகை. காலையில் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, குழந்தைகள் இரவெல்லாம் இருமுகிறார்கள். "மந்திரியானாலும் மண் சுமப்பவரானாலும் எல்லோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம்" என்று சொல்லி நம்மைச் சமாதானப்படுத்துகிறார்கள். அது உண்மைதானா என்பதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

புகை ஏன் கலைவதில்லை?

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்வோம். வெயில் காலத்தில் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே எழும்புகிறது. புகையும் அதோடு போய்க் கலைந்துவிடுகிறது. குளிர்காலத்திலோ தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே கிடக்கிறது. அதன் மேல் சற்று வெதுவெதுப்பான காற்று, பானையின் மேல் மூடி போட்டது போலக் கவிந்துகொள்கிறது. சென்னையில் பிற்பகலில் கடற்காற்று வரும்; புகையைக் கொண்டுபோகும். டில்லிக்குக் கடல் ஏது?

மூடியைப் போடுவது இயற்கை. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அடுப்பை எரிப்பது யார்?

நகரத்துக்குள் ஓடும் லட்சக்கணக்கான கார்களும் மோட்டார் சைக்கிள்களும், இரவில் நுழையும் டீசல் லாரிகளும் எரிக்கின்றன. சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகளும் செங்கல் சூளைகளும் நிலக்கரி அனல்மின் நிலையங்களும் எரிக்கின்றன. குப்பை மலைகள் எரிகின்றன. இதோடு சாலைப் புழுதியும் கட்டடப் புழுதியும் சேர்கின்றன. அனல்மின் நிலையத்திலிருந்து வரும் கந்தக வாயு, காற்றிலேயே மாற்றமடைந்து நுண்ணிய துகளாகிவிடுகிறது. ஆகவே புகைபோக்கி எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

விவசாயி மட்டுமா குற்றவாளி?

ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் நெற்தாளை எரிக்கிறார்கள் என்று கூக்குரல் எழுகிறது. எரிப்பது உண்மை. சில நாட்களில் டில்லிப் புகையில் அதன் பங்கு பெரிது என்பதும் உண்மை. ஆனால் ஏன் எரிக்கிறார்கள்?

நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போனதால், அதைக் காக்க 2009-ல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூனில் குறித்த தேதிக்கு முன்னால் நாற்று நடக் கூடாது என்றது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே மிஞ்சின. அறுவடை இயந்திரம் கதிரை அறுத்துக்கொண்டு தாளை நிலத்திலேயே விட்டுவிடுகிறது. அதை அகற்ற ஆள் வைத்தால் கூலி கட்டாது. தீக்குச்சிதான் மலிவு. அவர்கள் விளைவிக்கும் அரிசியை அரசாங்கம் கொள்முதல் செய்து நாடெங்கும் ரேஷன் கடைகளுக்கு அனுப்புகிறது. நம் தட்டில் விழும் சோற்றுக்கும் அந்த வயலுக்கும் தொடர்பு உண்டு.

இன்னொன்றையும் கேட்போம். டிசம்பரிலும் ஜனவரியிலும் நெற்தாள் எரிப்பு அநேகமாக ஓய்ந்துவிடுகிறது. அப்போதும் ஏன் மூச்சு முட்டுகிறது?

பெரியவர்களுக்கு ஒரு நீதி

அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் குறைக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது. இரண்டே ஆண்டில் முடிக்க வேண்டும் என்றது. பிறகு 2022 என்றார்கள். அப்புறமும் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். 2025 ஜூலையில், நாட்டிலுள்ள பெரும்பாலான நிலையங்களுக்கு இந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்களித்துவிட்டார்கள்.

பெரிய புகைபோக்கிக்குப் பத்தாண்டு அவகாசமும் விலக்கும்! காற்று மோசமானால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பெயின்டருக்கும் அன்றைக்கே வேலை நிறுத்தம்! இதுதான் பொதுக் காற்றின் நியாயமா?

உடம்புக்கு என்ன கேடு?

இந்த நுண்துகள் நம் தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு மயிர் அதைத் தடுக்காது. நுரையீரலின் அடிவரை போகிறது; இரத்தத்திலும் கலக்கிறது. ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இது காரணமாகிறது. கர்ப்பிணிப் பெண் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும்.

ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்திய அரசின் விதி. 5-க்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டில்லியிலோ அது பல ஆண்டுகளாக 100-ஐ ஒட்டியே நிற்கிறது. கல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் ஆய்வுக் கழகம் இந்நகரின் 11,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தது. பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் நுரையீரலின் திறன் குறைந்திருந்தது.

அடுத்து, மருந்து என்ன சொல்கிறார்கள்? "வெளியே போகாதீர்கள், கதவைச் சாத்துங்கள், காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வையுங்கள்" என்கிறார்கள். நம் பெண்கள் அந்தக் கருவியைப் பார்த்திருக்கிறார்கள். வேலை செய்யும் வீடுகளில் தினமும் துடைத்து வைப்பது அவர்கள்தான். விடியற்காலையில், புகை மிகக் கனத்திருக்கும் நேரத்தில், நடந்தும் பஸ் ஏறியும் அந்த வீடுகளுக்குப் போகிறவர்களும் அவர்கள்தான். பள்ளிக்கூடத்தை மூடிப் பாடத்தைப் போனில் நடத்துகிறார்கள். ஒரு போன் உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்? மதிய உணவுக்கு எங்கே போவார்கள்? இரவுக் காவல்காரரும் தள்ளுவண்டிக்காரரும் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியுமா? புகை பொதுவானதாக இருக்கலாம். அதிலிருந்து தப்பும் வழி பொதுவானதல்ல.

கேட்பது பிச்சையல்ல

கட்டடத் தொழிலாளர் நலனுக்காக 1996-ல் சட்டம் வந்தது. அதன்படி, கட்டடம் எழுப்பச் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 1 ரூபாய் தீர்வையாக வசூலாகி நல வாரியத்தில் சேர்ந்தது. புகைக்காக வேலையை நிறுத்தினால் அந்த நிதியிலிருந்து தொழிலாளிக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2024-லும் உத்தரவிட்டது. 2024-ல் டில்லி அரசு 8,000 ரூபாய் என்று அறிவித்து, முதலில் 2,000 மட்டும் கொடுத்தது. நீதிமன்றம் கண்டித்த பிறகே மீதி 6,000 வந்தது. அதுவும் யாருக்கு? வாரியத்தில் பதிவு செய்திருந்த சுமார் 90,000 பேருக்கு மட்டும். பதிவு இல்லாதவர்கள், பதிவைப் புதுப்பிக்காதவர்கள் எல்லோருக்கும் வெறுங்கைதான்.

ஆகவே தோழர்களே, முதல் வேலை பதிவு. 18 வயது முதல் 60 வயதுக்குள், கடந்த ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் ஆணோ பெண்ணோ பதிவு செய்யலாம். பெயின்டரும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கட்டடத் தொழிலாளிகளே. வேலை செய்த நாட்களைக் குறித்து வையுங்கள். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் உதவ வேண்டும்.

இரண்டாவது வேலை கோரிக்கை. வேலைத் தடை அறிவித்த அன்றே உதவித்தொகையும் அறிவிக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்குள் வராத வீட்டு வேலைப் பெண்களுக்கும் தெரு வியாபாரிகளுக்கும் நிவாரணம் வேண்டும். பள்ளி மூடினாலும் பிள்ளைகளுக்கு உணவு சேர வேண்டும். வெளியில் உழைப்பவர்களுக்கு, துணியால் ஆனது அல்ல, நுண்துகளைத் தடுக்கும் நல்ல முகக்கவசம் இலவசமாக வேண்டும். பஸ்களைப் பெருக்க வேண்டும். அனல்மின் நிலையங்களுக்குத் தந்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். 1952 டிசம்பரில் லண்டன் நகரை நிலக்கரிப் புகை ஐந்து நாள் மூடியது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1956-ல் சட்டம் வந்தது. நிலக்கரிப் புகை ஒழிந்தது. இதே டில்லியில் பஸ்களெல்லாம் டீசல் புகை கக்கிய காலம் உண்டு. 1998-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பஸ் முதலாளிகள் முடியாது என்றார்கள். 2002 முடிவதற்குள் நகரப் பஸ்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. கட்டாயப்படுத்தினால் முடியும் என்பதற்கு நம் கண்முன்னே உள்ள சாட்சி அது.

பிழைக்க வந்த ஊர் என்று நாம் வாய் மூடி இருக்க வேண்டியதில்லை. இந்த நகரத்தின் சுவர்களில் நம் உழைப்பு இருக்கிறது. இதன் காற்றில் நமக்கும் உரிமை இருக்கிறது. கூலியைக் கேட்பது போலவே மூச்சுக் காற்றையும் கேட்போம். ஒன்றுபட்டுக் கேட்போம்.