பர்மா வாணிபமும் நாம் கொள்ளத்தக்க படிப்பினையும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இராயவரம், கடியாபட்டி, மேலைச்சிவபுரி முதலாய நம் ஊர்களின் மாளிகைகளைக் காண வருவோர், பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்து வியந்து செல்கின்றனர். அத்தேக்கு வந்த வழியையும், அவ்வழி அடைபட்ட காரணத்தையும் நம் மக்களே அறியாதிருத்தல் தகாது. ஆதலின் அதனையே இன்று பேசப் புகுந்தோம்.

1852-ஆம் ஆண்டில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவே, ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு மேனாடுகளில் கிராக்கி பெருகியது. காடு திருத்தி நெல் விளைக்க உழவர் இருந்தனர், முதல் இல்லை. மேனாட்டு வங்கிகள் அவர்கட்குக் கடன் கொடுக்க முன்வந்தில. அவ்விடத்தை நிரப்பியவர் நம்மவர். 1929-30-இல் பர்மா வங்கி விசாரணைக் குழுவினர், ஆங்கிருந்த நம்மவர் கடைகள் 1,650 என்றும், அவற்றில் வழங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் கணித்தனர்.

இத்துணைப் பெரிய தொழில் எதனால் நிலைபெற்றது? முதலாவது, பயிற்சி. பெட்டியடிப் பையனாய்ப் புகுந்தவன் அடுத்தாளாகிப் பின்னரே மேலாள் ஆவான். மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புவான். இரண்டாவது, கட்டுப்பாடு. இரங்கோன் மொகல் தெருவிலிருந்த தம் கோயிலில் திங்கள்தோறும் கூடி நடப்பு வட்டியை வரையறுத்தனர். மூன்றாவது, நம்பிக்கை. முதற்பணத்தோடு உறவினர் பணமும், ஆச்சிமார் பணமும், கோயிற் பணமும் கலந்தே கடை நடந்தது. ஒருவன் நாணயம் கெட்டால் உறவும் ஊரும் கெடும் என்னும் அச்சமே அக்காலத்துப் பிணையாயிற்று.

இனி வீழ்ச்சியைக் காண்போம். 1930-ஐ ஒட்டி உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. உழவன் வட்டி செலுத்த இயலாதவனானான். ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நம்மவர் நிலம், 1938-இல் 25 பங்காயிற்று. அது நாம் விரும்பித் தேடிய நிலமன்று. பணம் வராமையால் வந்த நிலம். இது மெய்யே. ஆயினும், தன் வயலை இழந்து அதிலேயே குத்தகைக்கு உழுதவனுக்கு அம்மெய்யால் யாது பயன்? அவன் மனத்தெழுந்த வெம்மையை நம்மவர் பலர் அளந்தறிந்திலர். 1942-இல் ஜப்பானியர் படை புகுந்தது. பலர் பத்திரங்களைச் சுமந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தனர். 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் எஞ்சியதும் போயிற்று.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கன யாவை? முதல் முழுவதையும் ஒரு நாட்டிலும் ஒரு விளைபொருளிலும் முடக்குதல் ஆகாது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கோன் ஆகிய மூவிடத்தும் ஒருசேரத் தொடங்கினார். ஓரிடம் போயினும் வங்கி போகவில்லை. இன்றியமையாத மற்றொன்று, நாம் செல்லும் நாட்டின் மக்கள் நம்மோடு உயர்தல் வேண்டும் என்பது. அவர்தம் மொழியைக் கற்று, அவரையும் பங்காளியாக்கி, விலை வீழ்ந்த காலத்து அவர் சுமையில் ஒரு பங்கை நாமும் தாங்கினாலன்றி, எந்நாட்டிலும் நம் தொழில் வேரூன்றாது. ஆப்பிரிக்காவிலும் கீழை நாடுகளிலும் தொழில் தொடங்கக் கருதும் இளைஞர் இதனை மறவாதிருப்பாராக.

இறுதியாக ஒரு விண்ணப்பம். மேற்கூறிய வரலாற்றுக்குச் சான்றாவன நம் வீட்டுப் பேரேடுகளும் ஐந்தொகைகளும் கடிதங்களுமே. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் அவை கறையானுக்கு இரையாகின்றன. சில எடைக்கு விற்கப்படுகின்றன. தமிழ் எண்ணும், மா, காணி, முந்திரி என்னும் கீழ்வாய்க் கணக்கும் படிக்கத் தெரிந்தார் நாளுக்கு நாள் குறைகின்றனர். வீட்டுக்கொரு பெட்டியேனும் பிரித்துப் பார்த்து, ஏடுகளைச் சங்கத்தில் ஒப்புவிக்குமாறு வேண்டுகின்றோம். அவற்றைப் படிக்க விழையும் பிள்ளைகட்கு ஞாயிறுதோறும் கற்பிக்க நாம் சித்தமாயிருக்கின்றோம், ஊதியம் வேண்டா. பெரியோர் ஈட்டிய பொருள் போயிற்று. அதனை ஈட்டிய அறிவையும் இழந்தோம் என்னும் பழி நமக்கு வாராதொழிக.